பலகையின் மேல் நிற்கும் பாதம்

தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பேரம்பாக்கம் நோக்கிப் போகும் சாலையில் இருக்கும் மண்ணூரில், ஷிப்ட் முடிகிற வேளையில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் இளைஞர்களின் முகங்களைப் பார்ப்பவர்கள் பலர். அவர்களுடைய கால்களைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். முனையில் இரும்புக் கவசம் பொதிந்த கறுப்பு சேஃப்டி ஷூவை, வாடகை அறையின் வாசற்படியில் உட்கார்ந்து அவர்கள் கழற்றும்போது தெரியும் பாதத்தைச் சற்று நேரம் உற்று நோக்க வேண்டும். காலுறையின் வார் கெண்டைக்காலில் பதித்த வளையம் அரை மணி நேரத்துக்கு மறையாது. சுண்டு விரலின் வெளிப்புறத்தில் காய்ப்பு ஏறியிருக்கும். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடுக்குகள் வியர்வையில் ஊறி வெளுத்திருக்கும். உள்ளங்காலைத் தரையில் ஊன்றும் முன் ஒரு கணம் தயங்கி, குதிகாலை மெதுவாக வைத்துப் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் சிமெண்டுத் தளத்தில் நின்ற கால் அது. அந்தக் கால் விடுமுறை நாளில் ஒரு ஸ்கேட்போர்டின் மேல் ஏறி நின்றால் அதற்கு என்ன நேருகிறது, அதற்கு எந்த விதமான தாங்குதல் வேண்டும், அந்தத் தாங்குதலைக் கொடுக்கத்தக்க பாதரட்சையை இந்த வட்டாரத்தால் ஏன் இன்னும் செய்துகொடுக்க முடியவில்லை என்பவைதாம் இக்கட்டுரையின் விசாரணை.

இந்தக் கேள்வியை மண்ணூரிலிருந்து கேட்பதற்கு விசேஷக் காரணம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய காலம் முதல், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே எழுந்த தொழிற்கூடங்கள் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, டயர், செல்போன் என்று எத்தனையோ பண்டங்களை உலகத்துக்கு அனுப்புகின்றன என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் அதே இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்துக்குள், காலணித் துறைக்கென்றே மத்திய அரசு நடத்தும் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளை இருப்பதும், 1986-இல் நொய்டாவில் தோன்றிய அந்த ஸ்தாபனம் 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்த்தப்பட்டதும் அவ்வளவாக அறியப்படவில்லை. கிழக்கே அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டும் ஷூ தைத்தும் வந்த ஊர்கள். தெற்கே செய்யாற்றில் நைக்கி முதலிய பெயர்களில் வெளிநாடு செல்லும் விளையாட்டு ஷூக்களை ஆயிரக்கணக்கான பெண்கள் ஒட்டியும் தைத்தும் அனுப்பும் ஆலை. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மண்ணூர் இளைஞன் ஒருவன் தன் காலுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி சறுக்கு ஷூவைக் கடையில் தேடினால், அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறொரு கண்டத்துக் காலுக்காகச் செதுக்கிய கட்டையின்மேல் வார்க்கப்பட்டதுதான்.

ஸ்கேட்போர்டு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடலிலிருந்து வந்தது என்றே சொல்ல வேண்டும். 1950-களில் கலிபோர்னியாவின் கடற்கரை ஊர்களில், அலை எழாத நாட்களில் சும்மா இருக்கப் பொறுக்காத அலைச்சறுக்கு வீரர்கள் ஒரு பலகைக்கு அடியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு சாலையில் இறங்கினார்கள். தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பில் அலைச்சறுக்கு வேரூன்றிய பிறகே அதன் நிழலில் சக்கரப் பலகையும் வந்தது. அங்கே கமலி மூர்த்தி என்ற சிறுமி, கவுன் அணிந்து, வெறுங்காலுடன், சரிவு மேடையில் பலகை மேல் இறங்கிவரும் காட்சியை அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் படம் பிடித்தார். புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் அதை உலகம் காணப் பகிர்ந்தார். அவளையும் அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ என்ற குறும்படம் 2019-இல் வெளிவந்து, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியின் குறும்படப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பின்னாளில் அலைச்சறுக்குப் போட்டிகளிலும் பெயர் எடுத்த அந்தப் பெண்ணின் துணிவைப் பாராட்டியவர்கள் ஏராளம். அந்தப் புகைப்படத்தில் என் கண்ணை விட்டு அகலாதது, பலகையின் சொரசொரப்புத் தாளின்மேல் விரல்களை நன்றாக விரித்து ஊன்றிய அந்தச் சின்னப் பாதங்கள்.

வெறுங்காலோடு சறுக்கியவர்கள் நம்மவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் முதல் தலைமுறையும் வெறுங்காலோடுதான் சறுக்கியது. தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகே அவர்களுக்கு ஷூவின் நினைவு வந்தது. 1966-இல் அனாஹைம் நகரில் வான் டோரன் சகோதரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் திறந்த ரப்பர் கம்பெனி, சறுக்குவோருக்காக ஏற்பட்டதன்று. அதன் கான்வாஸ் ஷூவின் அடியில் இருந்த தடித்த, பசைத்தன்மை உள்ள ரப்பர் சோல் பலகையைக் கவ்விப் பிடிப்பதைக் கண்டுகொண்ட பையன்கள்தாம் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1976-இல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரண்டு இளம் வீரர்களின் யோசனையைக் கேட்டு, கணுக்காலைச் சுற்றியுள்ள விளிம்பில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மாதிரியை அந்தக் கம்பெனி வெளியிட்டது. ஷூ செய்பவன் சறுக்குபவனின் காலைக் கேட்டு ஷூ செய்தான் என்பது அந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இங்கே இன்னும் நடவாதது அதுதான்.

இனி, பலகையின்மேல் பாதம் படும் பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏழு அடுக்கு மேப்பிள் மரத் தகடுகளை ஒட்டி அழுத்திய பலகை; அதன் மேற்பரப்பில் சிலிக்கான் கார்பைடு பொடி ஒட்டிய, உப்புத்தாளை ஒத்த கிரிப் டேப். சறுக்குபவர்கள் ‘ஓலி’ என்று சொல்லும் தாவலை எடுத்துக்கொள்வோம். இந்தக் கலையில் ஏறக்குறைய எல்லா வித்தைகளுக்கும் அதுவே அஸ்திவாரம். பின்னங்கால் பலகையின் வாலைத் தரையில் ஓங்கி மிதிக்கிறது. பலகையின் முகம் மேலெழும் அந்தக் கணத்தில் முன்னங்காலின் வெளிப்பக்கம், சுண்டு விரலின் ஓரத்திலிருந்து கணுக்கால் வரையில், அந்தச் சொரசொரப்பான தாளின்மேல் உராய்ந்துகொண்டே மேல்நோக்கி இழுபடுகிறது. பலகை காலோடு ஒட்டி ஆகாயத்தில் எழுகிறது. பிறகு இரண்டு பாதங்களும் ஒரே சமயத்தில் பலகையின்மேல் இறங்குகின்றன. பழைய சறுக்கு ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வித்தை முழுவதும் அதன் உடம்பில் எழுதப்பட்டிருக்கும்: சுண்டு விரலுக்கு நேரே ஒரு துளை, அதற்கு மேலே அறுந்து முடிச்சுப் போட்ட ஷூ லேஸ், பெருவிரலின் பந்துக்குக் கீழே வழவழவென்று தேய்ந்த சோல், உள்ளே குதிகால் விழுந்து விழுந்து பள்ளமாகிப்போன இன்சோல். கான்வாஸ் துணி இந்த உராய்வுக்குச் சில வாரங்களில் கிழிந்துவிடும். ஸ்வேட் என்னும் மென்ரோமத் தோல் அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

வெளியே தெரியும் துளையைவிட உள்ளே தெரியாத அந்தப் பள்ளம்தான் முக்கியமானது. சுமார் 46 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடையிலிருந்து ஓலி செய்து இறங்கும்போது தரை காலைத் திருப்பித் தாக்கும் விசையை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். அது சரீர எடையின் நான்கரை மடங்குக்கும் மேலாக இருந்தது. 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனின் பாதங்களுக்கு அந்த ஒரு கணத்தில் 270 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. அதைத் தாங்குவதற்கு இயற்கை குதிகாலெலும்புக்கு அடியில் ஒரு விசேஷ ஏற்பாடு செய்திருக்கிறது: தேன்கூட்டைப் போல நார்த் தடுப்புகளால் ஆன சிறுசிறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் அடைபட்ட கொழுப்பு. சுமை விழும்போது கொழுப்பு பக்கவாட்டில் ஓட முயல்கிறது, தடுப்புகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன, அதனால் எலும்பின் அடி தரைக்கு எட்டுவதில்லை. படிக்கட்டுகளிலிருந்து குதித்துக் குதித்து இறங்கும் சறுக்குபவர்களுக்கு இந்த மெத்தை அடிபட்டு, உள்ளே கன்றி, காலை ஊன்றவே முடியாதபடி வலி காண்பதுண்டு. அதைக் குதிகால் கன்றல் என்று அவர்கள் ஒருவித அச்சத்தோடு பேசிக்கொள்கிறார்கள். ஏனென்றால் அதற்கு மருந்து ஓய்வு ஒன்றுதான், ஓய்வோ அந்த வயதில் யாருக்கும் கைவருவதில்லை. இதோடு, குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாணாக இழுத்துக் கட்டியிருக்கும் உள்ளங்கால் ஜவ்வு அழன்று, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துவதும், கணுக்கால் பிரண்டு சுளுக்கிக்கொள்வதும் சேர்ந்தால் சறுக்குபவன் காலின் துன்பங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்படியானால் வெறுங்காலே மேலென்று சிலர் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை மறைக்க நான் விரும்பவில்லை. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 வயது முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைப் பதிவு செய்து 1992-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவிகிதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களில் அது 2.8 சதவிகிதம்தான். முன்புறம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகமாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது. வளரும் பாதத்தை இறுக மூடினால் வளைவு சரியாக எழுவதில்லை என்று அவர்கள் கருதினார்கள். மண்ணில் நடந்து, மரம் ஏறி, வரப்பில் ஓடிய பாதத்தின் தசைகள் தம்மைத் தாமே தாங்கக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் வரப்பு வேறு, கான்கிரீட் சரிவு வேறு. சித்திரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தளமும், தோலை உரிக்கும் கிரிப் டேப்பும், 270 கிலோ சுமையும் ஒரு காலத்தும் நம் முன்னோருடைய பாதங்களுக்கு வாய்த்தவை அல்ல. குழந்தை வீட்டிலும் மைதானத்திலும் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வெறுங்காலோடு விளையாடட்டும். தாவிக் குதிக்கும் நேரத்தில் ஷூ அவசியம் என்பதே என் அபிப்பிராயம்.

பாதத்தைப் போற்றுவதில் இந்த நிலம் யாருக்கும் இளைத்ததன்று. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுஜர், திருமந்திரத்தின் பொருளை அறிய ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன; பெருமாளின் திருவடி நிலையான சடாரியைத் தலையில் ஏற்க இன்றும் ஆதிகேசவப் பெருமாள் சன்னிதியில் ஜனங்கள் குனிந்து நிற்கிறார்கள். பாதுகைக்குப் பட்டாபிஷேகம் செய்த பரதனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாட்டில் சாமானிய மனிதனின் பாதம் எவ்வளவு அகலம் என்று கணக்கெடுக்க இத்தனை காலம் ஆயிற்றே என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அளவு முறையில், ஒரு ஷூ எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அந்த எண்ணில் நீளம் உண்டே தவிர அகலத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கடைக்குப் போய் ‘எட்டாம் நம்பர்’ என்று கேட்கும்போது, எட்டாம் நம்பர் நீளமுள்ள ஓர் ஐரோப்பியக் காலின் அகலத்தையும் நாம் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம். இதைச் சரிசெய்ய அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையில் நாட்டின் ஐந்து மண்டலங்களில் 79 இடங்களில், 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளந்தது. பொதுவில் இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று அதில் தெரியவந்தது. அந்த அளவுகளின் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில், பாரதத்தின் முதல் எழுத்தைக் கொண்டு, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப எட்டுப் பிரிவுகளாக ஒரு புதிய அளவு முறையை அந்த நிலையம் பரிந்துரைத்தது.

நம்மவர்கள் இந்தக் குறையை இதுவரை எவ்வாறு சமாளித்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது: அகலம் போதாதபோது, நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அகலத்துக்காக நீளத்தை விலைகொடுத்து வாங்கும் இந்தப் பழக்கம், ஆபீசுக்கு நடந்து போகிறவருக்கு ஒரு சிறு சிரமம்; பலகை ஏறுகிறவனுக்கோ பெரிய அபாயம். ஷூவின் சோல் ஓரிடத்தில் மடங்குமாறு செய்யப்படுகிறது. அந்த மடிப்பு விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுக்கு நேரே வர வேண்டும். ஷூ நீளமாக இருந்தால் மடிப்பு மூட்டுக்கு முன்னால் போய்விடுகிறது; வளைவைத் தாங்க வேண்டிய மேடு வளைவுக்கு முன்னால் நின்று உறுத்துகிறது; குதிகால் தன் குழியில் அமராமல் ஒவ்வோர் அடிக்கும் மேலெழுந்து உராய்கிறது; பலகையின்மேல் திரும்பும்போது பாதம் ஒரு பக்கமும் ஷூ ஒரு பக்கமும் நகர்கின்றன. கணுக்கால் பிரளுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. நீளம் சரியாக வாங்கினாலோ, சுண்டு விரல் நசுங்கி, சேஃப்டி ஷூவில் ஏற்கெனவே ஏறிய காய்ப்பின்மேல் இன்னொரு காய்ப்பு ஏறுகிறது. இந்த இக்கட்டில் அகப்பட்ட இளைஞன், வலிக்குக் காரணம் ஷூவுக்குள் மெத்தை போதாமைதான் என்று நம்பி, ஆன்லைனில் இன்சோல் ஒன்று வாங்கி உள்ளே திணிக்கிறான். ஷூவுக்குள் இருந்த கொஞ்ச இடமும் போய்விடுகிறது. பொருத்தத்தின் குறையைப் பஞ்சினால் நிரப்ப முடியாது. சறுக்குபவருடைய பாதச் சௌகரியத்தைப் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஷூ பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான பரீட்சை உண்டு. எந்தக் கடையிலும் செய்யலாம். ஷூவின் உள்ளேயிருந்து இன்சோலை உருவித் தரையில் வைத்து, அதன்மேல் காலுறையோடு முழு எடையையும் ஊன்றி நிற்க வேண்டும். பெருவிரலின் பந்திலும் சுண்டு விரலின் ஓரத்திலும் பாதம் இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ உங்கள் காலுக்கு ஒடுங்கியது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடம் மிஞ்சினால் அது நீளம். மாலையில் வாங்குவது உத்தமம். பகல் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், ஷிப்ட் முடித்து வந்தவருக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு கால்களும் சம அளவாக இருப்பது அபூர்வமாதலால் பெரிய காலையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருத்தம் அமைந்த பிறகே இன்சோலைப் பற்றிப் பேச்செடுக்கலாம். அந்தப் பேச்சு தொடங்க வேண்டிய இடம் கலிபோர்னியா அல்ல, மண்ணூருக்கு மேற்கே இருக்கும் வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களில் ஏற்படும் ஆறாத புண்களை ஆராய்ந்தார். சதை அழுகுவது நோயின் நேரான வேலை என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நோயினால் உணர்ச்சி போகிறது. வலி தெரியாததால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுகிறது. அந்த அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது என்று அவர் கண்டார். ஆகவே மருந்தோடு செருப்பும் வேண்டும், அந்தச் செருப்பு சுமையை ஓரிடத்தில் குவிய விடாமல் பாதம் முழுவதும் பரப்ப வேண்டும் என்று அவரும் அவருடைய சகாக்களும் வேலூரிலும் கரிகிரி ஆஸ்பத்திரியிலும் நுண்துளை ரப்பரைக் கொண்டு செய்த செருப்புகள், பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கான காலணிகளுக்கும் வழிகாட்டின. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்பது அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

அங்கே கண்ட தத்துவம் சறுக்குபவருக்கும் அப்படியே செல்லும். தாங்குதல் என்பது மென்மை மட்டுமன்று, சுமையைப் பரப்புதல். கடையில் இன்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமிழ்வதை நல்லதென்று வாங்குகிறோம். கட்டைவிரலுக்கு அமிழும் நுரை, குதித்து இறங்கும் காலுக்கு அடியில் முழுவதும் நசுங்கி இருந்தும் இல்லாததாகிவிடும்; எலும்பு சோலின்மேல் மோதும். நுரைகளில் ஈ.வி.ஏ. என்பது இலேசானது, மலிவானது, ஆனால் சில மாதங்களில் அமுங்கியபடியே நின்றுவிடும். பாலியூரித்தேன் சற்றுக் கனமானது, நெடுநாள் மீண்டெழும். மெதுவாக அழுத்தினால் இளகியும் வேகமாக அடித்தால் இறுகியும் நிற்கும் நுரைகளும் வந்திருக்கின்றன. குதிகால் அமர ஒரு கிண்ணம் இருப்பது மிக அவசியம். அது கொழுப்பு மெத்தையைப் பக்கவாட்டில் சிதற விடாமல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

ஆயினும் மெத்தை கூடக் கூடப் பலகையின் ஸ்பரிசம் மறைகிறது. சறுக்குபவன் பலகையைக் கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளங்காலால் பார்க்கிறான். பலகையின் சாய்வையும் அதிர்வையும் பாதத்தின் முன்பகுதிதான் அவனுக்குச் சொல்கிறது. ஆதலால் நல்ல சறுக்கு இன்சோல் குதிகாலில் தடித்தும், விரல்களின் அடியில் மெலிந்தும் இருக்கும். சோலிலும் இதே பேரம் உண்டு. மேற்பகுதியோடு ரப்பர் பட்டையைச் சேர்த்து ஆவி அடுப்பில் வேகவைக்கும் வல்கனைஸ் முறை ஷூ மெலிந்து வளைந்து பலகையை நன்றாக உணர்த்தும், ஆனால் அதிர்ச்சியைக் குறைவாகவே தாங்கும். கிண்ணமாக வார்த்த சோலைத் தைத்துப் பொருத்தும் முறையில் செய்தது தடித்தது, படிக்கட்டில் குதிப்பவருக்கு உகந்தது. புது இன்சோல் போடுகிறவர்கள் பழையதை எடுத்துவிட்டே போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குதிகால் ஷூவின் பின்சுவரை விட்டு மேலெழும், கணுக்கால் நிலைகுலையும்.

உள்வளைவுக்கு மேடு வைத்த இன்சோல் எல்லோருக்கும் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றே சொல்லலாம். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து சுவட்டைப் பாருங்கள். நடுப்பகுதி முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். வலி இல்லாத, நெகிழ்ந்து கொடுக்கும் தட்டைப் பாதம் ஒரு நோயன்று, அதற்கு வைத்தியமும் வேண்டியதில்லை. குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் தீவுகளாகப் பதிந்து நடுவில் ஒன்றுமே தெரியாமல் இருந்தால் உயர்ந்த வளைவு. உண்மையில் அதிகக் கவனம் தேவைப்படுவது இந்தப் பாதத்துக்குத்தான், ஏனெனில் சுமை முழுவதும் இரண்டே இடங்களில் குவிகிறது. வளைவின் வடிவத்தோடு ஒட்டிப் பொருந்தும் இன்சோல் இவர்களுக்குப் பெரும் உபகாரம் செய்யும்.

நம் தட்பவெப்பத்துக்கென்று செய்யப்படாத ஷூக்களை நாம் அணிவதால் வியர்வை ஒரு தனிப் பிரச்சினை. பகலெல்லாம் சேஃப்டி ஷூவுக்குள் வெந்த பாதம் மாலையில் இன்னொரு மூடிய ஷூவுக்குள் நுழைந்தால் விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வருவது நிச்சயம். நடுவில் அரை மணியாவது காலைக் காற்றாட விட்டு, கழுவி, இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, வேறு காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். சறுக்கி முடித்ததும் இன்சோலை உருவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நுரை சுருங்கும். மழைக்காலத்தில் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். சேஃப்டி ஷூவையே போட்டுக்கொண்டு பலகை ஏறுவது மட்டும் கூடவே கூடாது: அதன் விறைத்த சோலில் பலகை புலப்படாது, முனையின் இரும்பு மடங்காது.

குழந்தைகளைப் பற்றிப் பிரத்தியேகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது குழந்தைகளின் விளையாட்டு. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஸ்கேட்போர்டு சேர்க்கப்பட்டபோது, பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வென்ற பிரேசிலின் ரைஸா லியலுக்கும் வயது 13. எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் குதிகாலெலும்பின் பின்புறத்தில் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தாகவே இருக்கிறது. கெண்டைத் தசை அதை இழுக்க, தரை அதை அடிக்க, அங்கே வலி காண்பது மிகச் சாதாரணம். குதிகாலின் இரு பக்கங்களையும் விரல்களால் சேர்த்து அழுத்தினால் குழந்தை முகம் சுளிக்கும். இது நிரந்தர ஊனமன்று. குதிப்பதைச் சில வாரங்கள் நிறுத்தி, கெண்டைத் தசையை நீட்டும் பயிற்சி செய்து, குதிகாலுக்கு மெத்தை வைத்தால் பெரும்பாலும் தணியும். ‘வளருகிற பிள்ளை’ என்று இரண்டு எண் கூட்டி வாங்கிக் கொடுக்கும் நம் பெற்றோரின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். பள்ளிக்கூட ஷூவில் அது செல்லும், பலகையின்மேல் செல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்சோலின்மேல் நிற்கவைத்துப் பார்த்தால் போதும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஷூவின் கட்டையைச் செதுக்கவும் அச்சு வெட்டவும் தைக்கவும் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அடையாற்றில் லட்சம் இந்தியப் பாதங்களின் அளவுகள் இருக்கின்றன. ரப்பரை வேகவைக்கவும் நுரையை வார்க்கவும் தெரிந்த ஆலைகள் சுற்றிலும் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் ஷூவைக் கிழித்துச் சோதித்துச் சொல்லச் சறுக்குபவர்களும் இருக்கிறார்கள். முன்பாதத்தில் நம் அகலமும், குதிகாலில் இறுக்கமும், சுண்டு விரலோரம் இரட்டைத் தோலும், கழுவி உலர்த்தத்தக்க இன்சோலும் கொண்ட ஒரு மாதிரியை முதலில் 12 முதல் 14 வயதுப் பையன்களுக்கும், 12, 13 வயதுப் பெண்களுக்கும் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். புதிய அளவு முறையில் அந்த வயதினருக்கென்று தனித்தனிப் பிரிவுகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன.